சுழி புள்ளி சுழி ஒன்பது

அந்த எண்ணை நான் கண்டுபிடிக்கவில்லை.
யாரோ, எங்கோ, எதிலோ தண்ணீர் விட்டுப் பார்த்து
பொருந்துகிறது என்று எழுதி வைத்தார்கள்.
அன்றிலிருந்து கொந்தளிப்பை எல்லாம்
சுழி புள்ளி சுழி ஒன்பதால் பெருக்குகிறோம்,
காட்பாடியில் இந்த இரண்டாம் மாடியிலும்.

பாலாற்றுப் பாலத்துக்குக் கணக்கு.
ஆற்றில் தண்ணீர் இல்லை.
கணினியில் இருக்கிறது: வினாடிக்கு எண்பதாயிரம் கன அடி,
நாற்பது லட்சம் கண்ணிகளில்.
மே மாதம், நூற்றெட்டு டிகிரி.
சர்வர் அறைக் கதவைத் திறந்து
பெடஸ்டல் ஃபேனைத் திருப்பி வைக்கிறான் பர்வேஸ்.
"உன் வெள்ளம் சூடாகுது, மரகதம்."

முறை எளியது.
வேகத்தை இரண்டாகக் கிழி:
சராசரி ஒன்று, அதிலிருந்து துள்ளுவது ஒன்று.
துள்ளலை மட்டும் கூட்டிப் பார்,
ஏறியதும் இறங்கியதும் கழிந்து
சுழி.
ஆனால் நெடுக்கே துள்ளுவதையும் குறுக்கே துள்ளுவதையும்
பெருக்கிவிட்டுக் கூட்டினால்
கழிவதில்லை. மிச்சம் நிற்கிறது.
அந்த மிச்சத்துக்கு ஒரு சமன்பாடு எழுதினால்
அது தன் பங்குக்குத் தெரியாதவற்றைக் கூட்டி வருகிறது,
கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால்
வேன் பிடித்து வருகிற சொந்தம் மாதிரி.
எங்காவது வாசலைச் சாத்தியாக வேண்டும்.
சாத்துகிற தாழ்ப்பாள்தான் அந்த எண்.

மூன்றாம் தூண் அடியில் அரிப்பு
இரண்டு மீட்டர் பத்து என்றது என் கணக்கு.
கையெழுத்துப் போட்டேன். மூன்று பிரதி.

கார்த்திகையில் வந்தது,
ஆந்திரப் பக்கம் பெய்த மழை, இரவு இரண்டு மணிக்கு.
விடிந்தபோது தடுப்புக்கு இந்தப் பக்கம்
விரிஞ்சிபுரமே நின்று செல்போனில் ஆற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.
செம்மண் நிறம். தோல் ஷாப் நாற்றம்.
மூன்றாம் தூணுக்குப் பின்னால்
ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி
இடமாக நாலு சுற்று,
நின்று,
வலமாக ஒன்று.
யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல.
என் சராசரியில் அந்த நாற்காலி கிடையாது.
அந்த இடத்தில் ஆடாத அசையாத ஒரு நீலத் திட்டு.

நாலாம் நாள் கயிறு இறக்கி அளந்தார்கள்.
மூன்று மீட்டர் எண்பது.
எல்லோரும் எண்ணைத்தான் குறை சொன்னார்கள்.
உதவிப் பொறியாளர் தணிகாசலம்
"உங்க பாயின்ட் ஜீரோ நைன்..." என்று தொடங்கி
முடிக்காமல் டீயை ஆற்றினார்.
நானும் அதைத்தான் திட்டினேன், இரண்டு ராத்திரி.
ஒன்பதை எட்டாக்கினேன், பதினொன்றாக்கினேன்.
அரிப்பு ஒரு சாண் நகர்ந்தது.

பிறகுதான் ஆற்றின் அடித்தரையைத் திறந்தேன்.
அளவெடுத்த தேதி: ஏழு வருஷம் முன்பு.
அதற்கப்புறம் எத்தனை ராத்திரி, எத்தனை லாரி.
தூணிலிருந்து முப்பது அடியில் ஒரு பள்ளம்,
என் கண்ணிகள் எதிலும் விழாத பள்ளம்.
தண்ணீரைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள
நூறு வருஷமாக வழி செய்து வைத்திருக்கிறார்கள்.
தரையைத் தெரியுமா என்று
எந்தச் சமன்பாடும் என்னைக் கேட்கவில்லை.

எங்கள் வீட்டு மாடியும்
அந்த ஏழு வருஷத்துக்குள் எழும்பியதுதான்.
மணல் எங்கேயிருந்து என்று
வீட்டில் யாரும் கேட்கவில்லை. நான் உட்பட.

பாலம் மூடியதால் பஸ் வேலூரைச் சுற்றிப் போகிறது.
செவ்வாய்க்கிழமை, பொய்கையில் சந்தை,
அரை மணி நேரமாக நகரவில்லை.
ஜன்னலுக்குக் கீழே ஒரு தரகர்
கிடேரியின் முதுகில் மயிர்ச்சுழியைத் தடவி
"இது ஆகாது" என்று துண்டை உதறினார்.
இரண்டாயிரம் இறங்கியது.
எப்படிங்க தெரியும் என்றேன்.
அண்ணாந்து பார்த்தார்.
"பொருந்தி வருதும்மா."

கிடேரி வாலைச் சுழற்றியது.
ஒரு ஈ எழும்பி,
எங்கும் எழுதி வைக்காத வழியில்
பக்கத்து மாட்டுக்குப் போயிற்று.